தெற்குச் சுவர்

நாச்சிமுத்து அண்ணன் மூன்றாவது மாடி ஏற்றிய தை மாதம்
எங்கள் பொடக்காளியில் வெயில் நின்றுபோனது.
கரண்ட் மாதிரி இல்லை,
போனால் போனதுதான்.
முதலில் கனகாம்பரம், பிறகு பன்னீர் ரோஜா.
துளசியை மட்டும் தூக்கி வாசலுக்கு வைத்தோம்.

கணபதியில் அவரை எல்லோருக்கும் தெரியும்,
மோட்டார் வைண்டிங் பட்டறை.
"ஏனுங் அம்மிணி, நாலடி உட்டுத்தானுங்க கட்டிருக்கறேன்."
அளந்து பார்த்தேன்.
நாலடிக்கு மூன்று அங்குலம் கூடவே இருந்தது.

பவுண்டரியில் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஒரு பக்கம் பற்று விழுந்தால்
எதிர்ப்பக்கம் ஏதாவது எழுதாமல் தூக்கம் வராது.

வால்பாறைத் தபால் ஆபீஸ் ஜெசிந்தா
தன் குவார்ட்டர்ஸ் பின்னாலிருந்து மூன்று கிழங்கு தோண்டி
தினத்தாளில் சுற்றி பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள்.
மேலே பேனாவில் எழுதியிருந்தாள்:
பாம்புச்சோளம். நிழல் வேண்டும். ஈரம் வேண்டும்,
ஆனால் தேங்கக் கூடாது.
உங்கள் ஊர்ச் சூட்டுக்கு வராது என்றே நினைக்கிறேன். பார்.

அந்தப் 'பார்' என்ற சொல்லுக்காகத் தொட்டி வாங்கினேன்.

இலைமட்கு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு,
மேலே தென்னை மஞ்சி.
பக்கத்தில் கச்சோலம்,
இலையைத் தரையோடு ஒட்டி
யாரோ கீழே பேசுவதைக் காது வைத்துக் கேட்கிறது.
நிலப்பனைக்குச் சட்டைப் பொத்தான் அளவில் மஞ்சள் பூ.
பெரணியை யாரும் நடவில்லை,
ஏசி சொட்டுகிற இடத்தில் தானாக வந்தது.
ஏசி அண்ணனுடையது.

கார்த்திகை முடிவதற்குள் ஒன்றும் இல்லை.
போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாத ஒறம்பரை.
வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான்
இந்தச் செடியில் பெரிய வேலை.
கை தானாகச் செம்புக்குப் போகும்,
இழுத்துக்கொள்ள வேண்டும்.

மாசியில் நோம்பிக்கு வீடு ஒழித்தபோது
"வெறுந்தொட்டி" என்று என் வீட்டுக்காரர் கவிழ்த்தார்,
கழுவினார், துடைத்தார்,
தங்கை வீட்டுக் கறிவேப்பிலைக்குத் தாட்டிவிட்டார்.
அன்று பொழுதோட நான் பேசியதை எழுத மாட்டேன்.
டார்ச் அடித்துச் சந்து முழுக்கத் துழாவினோம், அவரும்தான்.
இரண்டு கிழங்கு கிடைத்தது.

ஆனியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பிச்
சாரல் போட ஆரம்பித்த நாலாம் நாள்,
வெள்ளென ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் சத்தம்:
"அம்மிணீ, பாம்பு! படமெடுத்து நிக்குது,
தட்டுனாலும் போக மாட்டீங்குது!"

ஓடினேன்.
அவர் கையில் தடி, தோளில் துண்டு, வாயில் பல்பொடி.
அஸ்திவாரக் கல் இடுக்கில்
பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட முக்காட்டுக்குள்
நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது மூன்றாவது.

தடியை வாங்கி ஓரமாகச் சாத்தினேன்.
அவர் குந்தவைத்து உட்கார்ந்தார், முட்டி நொடித்தது.
இது என்ன ஏது என்று கேட்டார்.
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
கிழங்கில் சேமிப்பு கொஞ்சமாக இருந்தால் ஆண் பூ.
வருஷம் வருஷமாகச் சேர்த்து, தாங்கும் என்று பட்டால்
அந்த வருஷம் பெண்.
காய்த்துச் செலவழிந்துபோனால்
மறுபடி ஆண்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து
வெகுநேரம் அதையே பார்த்தார்.
"அப்ப இதுக்குக் கடன் வாங்கற பழக்கமே இல்லீங்களா?"

சொல்லிவிட்டு அண்ணாந்தார்.
மூன்றாவது மாடிக் கம்பியில்
வாடகைக்கு என்ற பலகை நனைந்துகொண்டிருந்தது.
பதினாறு மாதமாக அங்கேதான் தொங்குகிறது.

அடுத்த வாரம் ஏசிக் குழாயை
அரையடி தள்ளி விட்டிருந்தார்,
ஈரம் தேங்காத தூரத்துக்கு.
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பூ பதினொரு நாள் நின்றது.
பன்னிரண்டாம் நாள் முக்காடு மடங்கியது.
விலக்கிப் பார்த்திருந்தால் ஆணா பெண்ணா என்று தெரிந்திருக்கும்.
இரண்டு முறை விரல் வரைக்கும் வந்தது.
பார்க்கவில்லை.